கழற்றி வைத்த பைக் பாகங்களுக்கு விலை வைப்பதும் விற்பதும்

பைக் வாங்கிய கொஞ்ச நாளிலேயே சைலன்சரை மாற்றுகிறோம், லீவரை மாற்றுகிறோம், ஹேண்டில்பாரை மாற்றுகிறோம். கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் அட்டைப்பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறிவிடும். பைக்கையே விற்ற பிறகும் அந்தப் பெட்டி மட்டும் அங்கேயே கிடக்கும். வேறு மாடலுக்கு மாறியதால் பயன்படாமல் போன பாகங்கள், தவறாக வாங்கி ஒருமுறை பூட்டிப் பார்த்தவை என்று இன்னும் கொஞ்சம் சேரும். இவற்றை முதல்முறையாக விற்க நினைப்பவருக்காக எழுதியது இது.

பழைய பாகம் வாங்குகிறவர் மனதில் சில கேள்விகள் ஓடிக்கொண்டே இருக்கும். என் வண்டிக்குப் பொருந்துமா? விழுந்த வண்டியிலிருந்து எடுத்ததா? கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமா? திருட்டுப் பொருளா? பணம் அனுப்பினால் பொருள் வந்து சேருமா? ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அவர் விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறார். புதுப் பொருளுக்கும் பழைய பொருளுக்கும் இருக்கும் விலை வித்தியாசத்தில் தேய்மானம் ஒரு பகுதிதான். மீதி பெரும்பாலும் இந்தச் சந்தேகங்களின் கணக்கு. அவற்றை நீங்களே முன்கூட்டித் தீர்த்துவைத்தால் அந்தப் பங்கு உங்கள் கைக்கு வரும். கீழே வரும் வேலைகளில் பாதிக்கு மேல் இதற்காகத்தான்.

1. முதலில் பிரித்துவையுங்கள்

பெட்டியில் இருப்பதை எல்லாம் தரையில் பரப்பி, விற்கக் கூடாததை முதலில் எடுத்துவிடுங்கள். கேஸ்கெட், ஆயில் சீல், நசுங்கிப் பொருந்தும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் போன்றவை ஒருமுறை பூட்டினால் தீர்ந்தது. ஓடிய பிரேக் பேடும் அப்படித்தான். அது ஒரு டிஸ்கோடு சேர்ந்து தேய்ந்து பழகியிருக்கும், இன்னொரு டிஸ்கில் சரியாகப் பிடிக்க நேரமெடுக்கும், அதோடு புதியதே பெரிய விலை இல்லை. பாகத்தோடு இலவசமாகக்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஹெல்மெட்டும் விற்பனைக்கு உரியதல்ல. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு ஒரே ஒரு அடியை வாங்கிக்கொள்ளத்தான் செய்யப்பட்டது. அந்த அடி ஏற்கெனவே விழுந்துவிட்டதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வாங்குபவரின் சந்தேகத்தைத் தீர்க்கவே முடியாத பொருளுக்கு விலையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் அடிபட்ட வண்டியின் ஃபோர்க், ஹேண்டில்பார், வீல், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் ஆகியவற்றில் வளைவு இருப்பது தெரிந்தால் பழைய இரும்புக்குப் போடுங்கள். "நேராக்கிவிட்டேன்" என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். வளைத்து நிமிர்த்திய அலுமினியம் எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. முறியும்போது அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு வகைக்குக் காகிதம் வேண்டும். சேஸிஸ் எண் பதித்த ஃபிரேம், எண் பதித்த இன்ஜின் கேஸ் ஆகியவற்றைக் கைமாற்ற ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி உண்டு. உங்கள் ஊர் வாகனப் பதிவு அலுவலகத்தில் என்ன ஆவணம் தேவை என்று கேட்காமல் விளம்பரம் போடாதீர்கள். எண் இல்லாத சாதாரண பாகங்களுக்கும்கூட வாங்கிய ரசீதோ, வண்டியின் பதிவுச் சான்றோ இருந்தால் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருளா என்ற சந்தேகம் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் போய்விடும்.

எஞ்சியவைதான் சரக்கு.

2. பாகத்தின் சரியான பெயரைக் கண்டுபிடியுங்கள்

"பைக் இண்டிகேட்டர், நல்ல நிலையில்" என்று எழுதினால் யாரும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடுபவர்களும் "என் வண்டிக்குச் சேருமா?" என்றுதான் கேட்பார்கள். அதற்கான பதில் பாக எண்ணில் இருக்கிறது.

பாகத்தின் உட்புறத்தில், வார்ப்பில், ஒட்டுத்தாளில் அல்லது வந்த பையில் எண் இருக்கும். ஹோண்டாவின் எண் மூன்று துண்டாக வரும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன வகைப் பாகம் என்பதைச் சொல்லும். நடுவில் உள்ள மூன்று எழுத்து எந்த மாடலுக்காக முதலில் வடிவமைத்தார்கள் என்பதைச் சொல்லும். கடைசித் துண்டு திருத்தம், நிறம் போன்றவற்றுக்கு. யமஹாவில் மாடல் குறியீடு முதலில் வரும், பாக வகை நடுவில் வரும். இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால் ஒரு லாபம் உண்டு. உங்கள் வண்டியில் இருந்த பாகம் உண்மையில் வேறொரு மாடலுக்காகச் செய்யப்பட்டு, ஐந்தாறு மாடல்களில் அப்படியே போடப்பட்டிருக்கலாம். எண்ணை இணையத்தில் தேடினால் அந்தப் பட்டியல் முழுவதும் கிடைக்கும். ஒரு மாடல்காரர் மட்டும் பார்த்திருக்க வேண்டிய விளம்பரத்தை இப்போது ஆறு மாடல்காரர்கள் பார்ப்பார்கள்.

பழைய எண்ணை நிறுத்திவிட்டுப் புது எண் கொடுக்கும் வழக்கமும் நிறுவனங்களுக்கு உண்டு. அதனால் பாகத்தில் உள்ள எண்ணையும் இன்றைய எண்ணையும் இரண்டையுமே எழுதுங்கள். தேடுகிறவர் எதை அடிப்பார் என்று நமக்குத் தெரியாது.

எண்ணே இல்லாத வெளிநிறுவனப் பாகங்களுக்கு (வண்டி நிறுவனம் அல்லாமல் வேறு நிறுவனம் செய்தவை) அளவுதான் பெயர். ஹேண்டில்பார் என்றால் வண்டியில் பூட்டும் நடு இடத்தின் விட்டம்: 22.2 மி.மீ.யா, 28.6 மி.மீ.யா? நடுவில் 28.6 இருந்து இரு முனையும் 22.2க்குக் குறுகும் வகையும் உண்டு, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பின்புறக் கண்ணாடி என்றால் மரை. 10 மி.மீ. மரை பரவலாக இருக்கிறது, 8 மி.மீ.யும் உண்டு. யமஹாவின் பல மாடல்களில் வலதுபக்கக் கண்ணாடிக்கு மரை தலைகீழ். இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். இதைச் சொல்லாமல் விற்றால் "பொருந்தவில்லை" என்று பொருள் திரும்பி வரும்.

செயினில் 428, 520, 525, 530 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் இலக்கம் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள தூரம், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பது. ஆக, 5 என்றால் 15.875 மி.மீ., 4 என்றால் 12.7 மி.மீ. பின்னால் வருவது உள் அகலம். 520க்கும் 525க்கும் கண்ணித் தூரம் ஒன்றுதான், அகலம்தான் வேறு. எண்ணை விட்டுவிட்டு "கிட்டத்தட்ட ஒரே சைஸ்" என்று எழுதுவது வீண்.

ஹெட்லைட் விற்பவர்கள் மறந்துபோகும் ஒன்று: சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் ஒளி விழும் சாய்வு வேறு. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் எந்தப் பக்கத்துக்கானது என்பதைக் குறிப்பிடுங்கள்.

3. அளந்து பாருங்கள்

"லேசாகத்தான் ஓடியது" என்பது எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. அதற்கு மதிப்பே இல்லை. ஒரு வெர்னியர் காலிப்பரும் மல்டிமீட்டரும் இருந்தால் அதே செய்தியை எண்ணாகச் சொல்லலாம்.

பிரேக் டிஸ்கை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கின் மேலேயே பதித்திருக்கும். புதிதாக 4.5 மி.மீ. இருந்த டிஸ்கில் 4.0 என்று பதித்திருக்கிறது, இப்போது 4.4 இருக்கிறது என்று வையுங்கள். பார்வைக்கு 4.5இல் 0.1தான் போயிருக்கிறது, ஏறக்குறைய புதிது என்று தோன்றும். கணக்கு அப்படியில்லை. தேயக்கூடிய இடம் மொத்தமே 0.5 மி.மீ.தான், அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 4.1 இருந்தால் கிட்டத்தட்ட முடிந்தே விட்டது. தேய்மானப் பாகம் எதுவானாலும் இதே முறையில், மீதமிருக்கும் பயன்படும் அளவைத்தான் பார்க்க வேண்டும். டிஸ்கின் விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும், அதனால் சாதாரண காலிப்பரின் தாடை அந்த மேட்டில் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். மைக்ரோமீட்டர் கிடைத்தால் பிரேக் பேட் படும் பகுதியில் நாலைந்து இடத்தில் அளந்து, மிகக் குறைந்த எண்ணை எழுதுங்கள்.

டயரில் இரண்டு விஷயம். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்த முழுக் குறியீடு ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், காணவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள். அடுத்தது பள்ளங்களின் ஆழம். பள்ளத்துக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அதுவரை வந்துவிட்டால் டயர் முடிந்தது. ஆழத்தை அந்த மேட்டிலிருந்து கணக்கிடுங்கள். ஓட்டாமலே வைத்திருந்த டயரும் வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போகும். பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் விற்க வேண்டாம். பஞ்சர் போட்டிருந்தால் எங்கே, எந்த முறையில் என்று சொல்லியே ஆக வேண்டும்.

செயினும், அது ஓடும் பற்சக்கரங்களான முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளும் சேர்ந்து தேய்பவை. பழைய செயினைப் புது ஸ்ப்ராக்கெட்டில் போட்டால் புதியதையும் கெடுக்கும். ஆகவே தனிச் செயினை விற்பது சரியான வியாபாரம் இல்லை. மூன்றும் சேர்ந்த செட்டாக, அதுவும் மிகக் குறைவாக ஓடியிருந்தால் மட்டும் விற்கலாம்.

ஃபோர்க் குழாயை நல்ல வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள், விரல்நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள். நகம் தட்டும் இடத்தில் ஆயில் சீல் கிழியும். தட்டையான கண்ணாடிப் பலகைமேல் குழாயை உருட்டினால் வளைவு உடனே தெரியும், பலகைக்கும் குழாய்க்கும் நடுவில் வெளிச்சம் கசியும். பின்பக்க ஷாக் அப்சார்பரில் பல வகைகளுக்குள் நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்திருக்கும். சோதித்துப் பார்க்கிறேன் என்று அதைப் பிரிக்கப் போகாதீர்கள். கம்பியில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, அழுத்தி விட்டால் நிதானமாக மேலே வருகிறதா என்பது போதும்.

மின்சாரப் பாகங்களைக் கழற்றுவதற்கு முன்பே வீடியோ எடுத்துவிடுவது உத்தமம். வண்டியில் பூட்டியிருக்கும்போது இண்டிகேட்டர் மின்னுகிறது, மீட்டர் காட்டுகிறது, ஸ்டார்ட்டர் சுழல்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறு இல்லை. ஏற்கெனவே கழற்றிவிட்டால் பேட்டரி கொடுத்து இயக்கிக் காட்டலாம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியு மட்டும் தனி விவகாரம். சரியான சாவி இல்லாமல் கிளம்பவிடாத இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில் அது சாவியோடு கட்டப்பட்டது. சாவியும் இக்னிஷன் லாக்கும் இல்லாமல் தனியாக விற்றால் வாங்குபவர் வண்டி கிளம்பாமல் போகலாம். செட்டாகவே விற்றுவிடுங்கள்.

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை விற்க நினைத்தால் முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா வைத்த பிறகு அளவெடுங்கள். 12.6க்கு மேல் காட்டினால் நல்லது. ஆனால் வோல்ட் இருந்தும் இழுக்கத் தெம்பில்லாத பேட்டரிகள் ஏராளம். ஸ்டார்ட்டரை அழுத்தும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும்.

4. கழற்றுவதும் துடைப்பதும்

இன்னும் வண்டியில் இருக்கும் பாகத்தை எடுப்பதாக இருந்தால் அவசரப்படாதீர்கள். ஜப்பானிய வண்டிகளில் கூட்டல்குறி போலத் தெரியும் ஸ்க்ரூக்கள் பலவும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கு ஏற்றவை அல்ல. ஜப்பானியத் தர அளவுள்ள ஸ்க்ரூடிரைவர் போட்டால் தலை தேயாமல் வரும். தலை தேய்ந்த ஸ்க்ரூவும், கட்டிங் பிளேயர் போட்டு நறுக்கிய வயரும் படத்தில் தெரிந்தாலே விலை இறங்கும். வயர்களை இணைக்கும் கப்ளரைப் பிரித்து எடுங்கள், வயரை வெட்டாதீர்கள். போல்ட், புஷ், வாஷர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அந்தப் பாகத்தோடே கட்டிவையுங்கள். சைலன்சர் கிளாம்ப் ஒன்று தொலைந்துபோனால் வாங்குபவர் அதைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டும். அந்த அலைச்சலையும் அவர் விலையில் கழிப்பார்.

சுத்தம் செய்ய சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். விண்ட்ஷீல்டில் பெட்ரோலோ அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோ பட்டால் நுண்ணிய வெடிப்பு விழும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும் என்பதால் பிரேக் காலிப்பரின் துளையை முதலில் அடைத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். பளபளப்பு ஸ்பிரே எதுவும் அடிக்க வேண்டாம். எதையோ மறைக்கிறார் என்றுதான் தோன்றும்.

5. விலை

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "நான் இவ்வளவு கொடுத்து வாங்கினேன்" என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் கொடுத்த விலை வாங்குபவருக்குச் சம்பந்தமில்லாத செய்தி. அவருக்கு முன்னால் இருக்கும் மாற்று வழி என்ன என்பதே கேள்வி: புதியது எவ்வளவு, எத்தனை நாளில் வரும், வேறு யாராவது பழையது விற்கிறார்களா.

முதலில் அந்தப் பாகம் இன்றைக்குப் புதிதாக, வரியும் அனுப்பும் செலவும் சேர்த்து, வாங்குபவர் கைக்கு வரும்போது என்ன விலை ஆகும் என்று பாருங்கள். அதை 100 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அதே பழைய பாகம் எவ்வளவுக்கு விற்றுப்போனது என்று தேடுங்கள். கேட்கும் விலையைப் பார்த்துப் பிரயோசனமில்லை. 90 கேட்டு மாதக்கணக்கில் கிடக்கும் விளம்பரங்கள்தான் அதிகம் கண்ணில் படும். இபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. அப்படி வசதி இல்லாத இடத்தில், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்து எவை காணாமல் போயிருக்கின்றன என்று கவனித்தாலே போக்குப் பிடிபடும்.

என் அனுபவத்தில் வரும் தோராயக் கணக்கைச் சொல்கிறேன், இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியோடு, பூட்டிப் பார்த்து உடனே கழற்றிய நல்ல பெயருள்ள வெளிநிறுவனப் பாகம் 65 முதல் 75 வரை போகும். சில மாதம் ஓடி, கீறல் இல்லாமல், எல்லா போல்ட்டோடும் இருந்தால் 50 முதல் 60. சிறு கீறல், பெட்டி இல்லை என்றால் 40 பக்கம். தேய்மானப் பாகத்துக்கு 100ஐ மேலே சொன்ன மீதமுள்ள ஆயுளால் பெருக்கி, அதில் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ வைக்கலாம்: 80 சதவீதம் மீதமுள்ள டிஸ்குக்கு 40 முதல் 50. பெயர் தெரியாத மலிவுப் பாகங்களுக்கு 25க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், புதியதே மலிவாக இருக்கும்போது பழையதற்கு யார் வருவார்?

இந்தக் கணக்கை உடைக்கும் பாகங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நிறுவன விலைப்பட்டியலில் ஒரிஜினல் சைலன்சரின் விலை மயக்கம் வரவைக்கும். அதைப் பார்த்துப் பாதி விலை கேட்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்த மாடல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதையேதான் கழற்றி வைத்திருக்கிறார்கள், தேவைப்படுபவரோ மிகச் சிலர். 15, 20 கிடைத்தால் கொடுத்துவிடலாம். ஒரிஜினல் சீட், ஒரிஜினல் கிரிப், நம்பர் பிளேட் தாங்கி ஆகியவையும் இதே கதை. இதில் ஒரே விதிவிலக்கு, சத்தக் கட்டுப்பாட்டுச் சோதனை கடுமையாக உள்ள இடங்கள். அங்கே சோதனை நெருங்கும்போது ஒரிஜினல் சைலன்சருக்கு ஆள் தேடி வரும்.

எதிர்ப்பக்கத்தில், வண்டி கீழே விழுந்தால் முதலில் உடையும் பாகங்கள். லீவர், இண்டிகேட்டர், கண்ணாடி, இன்ஜின் பக்கவாட்டு மூடி, ஃபேரிங் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறை), ஹேண்டில்பார் முனை எடை. இவை தினமும் யாருக்காவது தேவைப்படும். மாற்று லீவர் போட்டுவிட்டு ஒரிஜினல் லீவரைக் கழற்றி வைத்திருக்கிறீர்களா? புதியதன் விலையில் பாதிக்கு மேல் தாராளமாகக் கேளுங்கள். தயாரிப்பு நின்றுபோன மாடல் என்றால் 100 என்ற எல்லையே இல்லை. ஒரே நிறத்தில், உடையாத கிளிப்புகளோடு இருக்கும் பக்கவாட்டுப் பேனல் கடைசியாகப் புதிதாக விற்ற விலையைத் தாண்டியும் போகலாம். அதைப் பொறுமையாக விற்க வேண்டும். முதல் வாரமே வரும் ஆள் பெரும்பாலும் வாங்கி மறுபடி விற்பவர்.

சேர்த்து விற்பதா, தனித்தனியா? இரண்டு கண்ணாடி, இரண்டு லீவர் என்றால் விழுந்த வண்டிக்காரருக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வேண்டும். ஆனால் ஒன்றை விற்றுவிட்டால் மீதி ஒன்று உங்களிடமே தங்கிவிடும். ஜோடிக்கு 60, தனியாக ஒன்றுக்கு 38 என்று இரண்டு விலையும் போட்டுவிடுங்கள். சின்னச் சின்னப் பாகங்களை ஒரு மாடலுக்கான மூட்டையாகக் கட்டினால் மொத்தத்தில் கொஞ்சம் குறையும், ஆனால் பத்து பேரோடு பேசும் வேலை மிச்சம்.

விலையை முடிவு செய்யும் முன் கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். 60க்கு விற்கிறீர்கள். தளத்துக்குப் பத்து சதவீதக் கமிஷன் என்றால் 6 போகும். கூரியர் 8, பெட்டியும் டேப்பும் 2. கையில் 44. சில தளங்கள் கூரியர் பணத்தையும் சேர்த்த மொத்தத்தின்மேல் கமிஷன் பிடிக்கும், விதியைப் படித்துவிடுங்கள். மலிவான பாகத்துக்கு இந்தக் கணக்குப் போட்டால் நேரில் வந்து எடுத்துக்கொள்பவருக்கு மட்டும் விற்பதே சரி என்று தெரியும்.

பேரத்துக்கு எவ்வளவு இடம் விடுவது? பத்து சதவீதம் போதும். நிறைய ஏற்றி வைத்துவிட்டு நிறையக் குறைப்பது, உங்கள் மற்ற வார்த்தைகள்மேலும் சந்தேகத்தை வரவழைக்கும். இரண்டு வாரம் யாரும் கேட்கவில்லை என்றால் விலை தவறு. கேட்கிறார்கள், ஆனால் வாங்கவில்லை என்றால் பெரும்பாலும் படமோ விவரமோதான் தவறு.

6. படமும் வார்த்தையும்

பகல் வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத இடத்தில், ஒரே நிறத் துணிமேல் வைத்து எடுங்கள். முன், பின், இரு பக்கம். அப்புறம் பாக எண்ணுக்கு நெருக்கமாக ஒன்று. பூட்டும் காதுகளுக்கு ஒவ்வொன்றாக ஒன்று. ஃபேரிங் வாங்குகிறவர் பெயிண்டைவிட அந்தக் காதுகளைத்தான் முதலில் பார்ப்பார், பசை போட்டு ஒட்டியது அங்கேதான் தெரியும். வெர்னியர் காலிப்பர் எண் காட்டும் நிலையில் ஒன்று. ஒவ்வொரு கீறலுக்கும் அளவுகோல் வைத்து ஒன்று. தரையில் உரசிய தடம் இருந்தால் அதையும் எடுங்கள். வாங்குபவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட நீங்களே காட்டிவிடுவது லாபம். இணையத்தில் எடுத்த விளம்பரப் படத்தைப் போடவே போடாதீர்கள்.

எழுதுவதற்கு ஒரு மாதிரி:

"முன் பிரேக் டிஸ்க், ஒரிஜினல். பாக எண் படத்தில். பொருந்தும் மாடல்களும் ஆண்டுகளும் கீழே. வண்டி 6,000 கி.மீ. ஓடியபோது பெரிய டிஸ்க் போடுவதற்காகக் கழற்றியது, வண்டி விழுந்ததில்லை. தடிமன் 4.4 மி.மீ., குறைந்தபட்சம் 4.0. ஒரு இடத்தில் லேசான துரு, மூன்றாவது படம். போல்ட் ஐந்தும் உண்டு, ஆனால் புதிது போடுவது நல்லது. பேட் சேர்க்கவில்லை. ரசீது இருக்கிறது."

ஏன் கழற்றினீர்கள் என்பதற்கு ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பாதிப் பேர் "ஆக்சிடெண்ட் வண்டியா?" என்று கேட்கிறார்கள். எது சேரவில்லை என்பதையும் எழுதுங்கள். படத்தில் தெரியும் எல்லாமே வரும் என்று நினைப்பது மனித சுபாவம்.

வெளிநிறுவன சைலன்சர், விளக்கு போன்றவற்றில் சாலைக்கான ஒப்புதல் முத்திரை இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒப்புதல் என்றால் வட்டத்துக்குள் அல்லது செவ்வகத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் பதித்திருக்கும். சைலன்சரின் சத்தம் குறைக்கும் உள்குழாயைக் கழற்றி எங்கோ போட்டிருந்தால் தேடி எடுங்கள். அது இல்லாமல் விலை கணிசமாக இறங்கும்.

7. பேச்சும் பணமும்

முதல் செய்தியே "கடைசி விலை என்ன?" என்று வரும். கோபப்படத் தேவையில்லை. "எந்த மாடல், எந்த ஆண்டு வண்டி?" என்று திருப்பிக் கேளுங்கள். உண்மையாகவே வாங்க வந்தவர் உடனே சொல்வார். சொன்னதும் பொருந்துமா என்று நீங்களே சரிபார்த்துவிடுங்கள். பொருந்தாத ஆளுக்கு விற்ற பாகம் விற்றதாக அர்த்தமில்லை.

நேரில் என்றால் ஆள்நடமாட்டம் உள்ள இடத்தில், பகலில். பணம் வந்ததாக அவர் கைபேசியில் காட்டும் படத்தை நம்ப வேண்டாம், உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் கேட்கிறார்கள் என்றால் அது மோசடி. விலையைவிட அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பதும் அதே ரகம். பொருளைப் பார்க்காமலே, கேள்வி எதுவும் கேட்காமலே, "என் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்" என்று அவசரப்படுத்துபவரோடு பேச்சைத் தொடர வேண்டாம்.

8. கட்டி அனுப்புவது

கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்கிடுகின்றன. பரவலாக இருக்கும் முறை: நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது. 60, 20, 20 அளவுள்ள சைலன்சர் பெட்டி 4.8 கிலோ, அதில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் 100, 50, 40 அளவுப் பெட்டியில் போட்ட ஃபேரிங் இரண்டு கிலோகூட இருக்காது, கட்டணமோ 40 கிலோவுக்கு வரும். விளம்பரத்தில் கூரியர் செலவைக் குறிப்பிடும் முன் பெட்டியைக் கட்டி அளந்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கனமான பாகம் பெட்டிக்குள் அசையக் கூடாது. அசைந்தால் முதல் எறிதலிலேயே அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கூர்மையான முனைகளுக்குக் கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்கள். மரை உள்ள முனைகளுக்கு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகினால் போதும். ஃபேரிங்கின் காதுகளைச் சுற்றி நுரை அடையுங்கள்.

பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றை முழுதாக வடித்து, திறந்து வைத்துக் காற்றோட்டமான இடத்தில் உலரவிடாமல் பெட்டிக்குள் போடக் கூடாது. ஆவிதான் ஆபத்து. லித்தியம், லெட்-ஆசிட் பேட்டரிகள் இரண்டும் சரக்குப் போக்குவரத்தில் ஆபத்தான பொருள் என்ற பிரிவில் வருபவை. சாதாரணப் பெட்டியில் பெயரை மறைத்து அனுப்புவது குற்றம், நேரில் எடுத்துச் செல்பவருக்கே விற்றுவிடுங்கள்.

பெட்டியை ஒட்டும் முன் பாகத்தை எல்லாப் பக்கமும் மறுபடி படமெடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் சின்னதாக ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள். உங்கள் நல்ல பாகத்தை வைத்துக்கொண்டு தன் உடைந்த பாகத்தைத் திருப்பி அனுப்பும் பேர்வழிகள் குறைவுதான், ஆனால் இருக்கிறார்கள். மற்றபடி, பாகம் பொருந்தவில்லை என்று நேர்மையாகச் சொல்பவரிடம் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அனுப்பும் செலவு யாருடையது என்பதை விளம்பரத்திலேயே எழுதியிருந்தால் சண்டை வராது.

விற்காமல் தங்குபவற்றை உலர்ந்த, வெயில் படாத இடத்தில், பாக எண் எழுதிய சீட்டோடு வையுங்கள். ரப்பர் பாகங்களையும் டயரையும் ஓடும் மின்மோட்டார் பக்கத்தில் வைக்க வேண்டாம், அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும். ஓராண்டு விலை குறைத்தும் போகாத ஒரிஜினல் சைலன்சரை, இருசக்கர வாகன மெக்கானிக் படிப்பு சொல்லிக்கொடுக்கும் பயிற்சி நிலையம் ஏதாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். வெட்டிக் காட்டுவதற்கு அவர்களுக்கு இப்படிப்பட்ட பாகம் தேவைப்படுவதுண்டு. அதுவும் இல்லை என்றால் உலோகமாக எடைக்குப் போடலாம்; உள்ளே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதில் விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு, சாதாரண இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.